மூடியில் எழுதாதே

இரண்டு பட்டாணிப் பாக்கெட்டுகளை அக்காவின் இடுப்புக்கு இருபுறமும் செருகிவிட்டு, மூன்றாவதை எடுக்க யெல்மர் சமையலறைக்கு ஓடினான்.

ஓடினான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நீர் கோத்த வயிற்றை இடது கையால் தாங்கி, வலது கையால் சுவரைப் பிடித்து, நாற்பத்தொன்பது வயதில் தொண்ணூறு வயதுக்காரனைப் போலச் சாய்ந்து சாய்ந்து போனான். ஃப்ரீஸரின் அடித்தட்டில் கீரைக்கட்டி இருந்தது, மீன் இருந்தது. மீன் வேண்டாம் என்று கீரையை எடுத்துக்கொண்டான்.

முன்னறையில் குளிர் பலகை நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. அதுதான் பயம்.

புதன்கிழமை மதியத்திலிருந்து லீஸ்பெத் அதன்மேல்தான் படுத்திருந்தாள். நீல ஸ்வெட்டர், சாம்பல் நிறப் பாவாடை, கம்பளிக் காலுறை. பலகை அவளுக்குக் கீழே இடைவிடாமல் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் அந்தச் சத்தம் பழகி, நின்ற பிறகுதான் அது இருந்ததே உறைத்தது. நாளைக் காலை பெட்டியில் வைத்துத் தகனத்துக்குக் கிளம்பும்வரை அணைக்கவே கூடாது, ஒரு மணிநேரம் நின்றால்கூடக் கூப்பிடுங்கள் என்று இறுதிச் சடங்கு நிறுவனத்துப் பெண் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

கீரைக்கட்டியைக் காலடியில் வைத்தபோது புறங்கை அக்காவின் பாதத்தில் பட்டது. அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிறகு வெட்கப்பட்டான்.

"காபி மெஷினையும் சூப் அடுப்பையும் யார் ஒண்ணா போட்டது?"

"நான்தான். கத்தாத" என்று வாசலோரத்து மின்பெட்டிக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. ஃபெம்கே வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பேசினாள். "இது ஃபியூஸ் பெட்டியா, மியூசியமா? அத்தை இதை ஒருநாளும் திறந்ததே இல்ல போல."

டக்கென்று ஒரு சத்தம். பலகை ஒருமுறை குலுங்கி, மறுபடி உறும ஆரம்பித்தது.

யெல்மர் நாற்காலியில் உட்கார்ந்தான். மூச்சு அடங்க நேரமாயிற்று. மூச்சு அடங்கியதும் அரிப்பு கிளம்பியது. கல்லீரல் கெட்டவனுக்குத் தோலுக்கு அடியில் எறும்பு ஊறும். சொறிவதற்கென்றே பாக்கெட்டில் ஒரு முள்கரண்டி வைத்திருந்தான். அதை எடுத்து முழங்கையில் இழுத்தான்.

ஃபெம்கே உள்ளே வந்து பட்டாணிப் பாக்கெட்டுகளைப் பார்த்தாள். இருபத்துநான்கு வயது. சைக்கிள் பட்டறையில் வேலை. நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ்.

"சிரிச்சிருப்பாங்க அத்தை" என்றாள். "வேலை பாத்த இடத்திலயும் ஐஸ். இப்ப வீட்டிலயும் ஐஸ்."

உண்மைதான். உத்ரெக்ட் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம் அவள் செய்தது அந்த ஒரு வேலை. நோயாளியின் கல்லீரலிலிருந்து கடுகளவு எடுத்து, ஜெல்லில் புதைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சத்துநீர் மாற்றி, வெள்ளி முலாம் பூசியதுபோல மின்னும் குட்டி உருண்டைகளாக வளர்ப்பாள். ஒவ்வொரு உருண்டையும் அந்த ஆளின் கல்லீரலின் ஒரு துளிப் பிரதி. ஜெல் சூடானால் இறுகிவிடும் என்பதால் எல்லாவற்றையும் ஐஸ்மேல் வைத்துத்தான் செய்ய வேண்டும். அதனால் அவள் விரல்கள் கோடையிலும் சில்லென்றிருக்கும்.

உங்க கல்லீரலும் அங்க இருக்கா அத்தை என்று ஒருமுறை சாப்பாட்டு மேசையில் ஃபெம்கே கேட்டாள். அது மட்டும் கூடவே கூடாது, தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று லீஸ்பெத் சொன்னாள். ஊசி தவறிக் கையில் குத்தினால், அடுத்தவர் சதையை உடம்பு கொன்றுவிடும். சொந்தச் சதை என்றால் உடம்பு கதவைத் திறந்து உள்ளே விடும். அது உள்ளே என்னவாக வளரும் என்று யாருக்கும் தெரியாது. அன்று எல்லோரும் சிரித்தார்கள். லீஸ்பெத் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தாள்.

யெல்மருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஃபெம்கேயை ஒரு மேசையிலும் அவனைப் பக்கத்து மேசையிலும் கிடத்துவார்கள். மகளின் கல்லீரலில் பாதியை வெட்டி அப்பனுக்கு வைப்பார்கள். ஆஸ்பத்திரி தன் சோதனைகளையெல்லாம் முடித்துச் சரி என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்து நோய் எந்தச் சோதனையிலும் சிக்காத நோய். யெல்மரின் தாத்தாவைக் கொண்டுபோனது, சித்தப்பாவைக் கொண்டுபோனது. இரண்டு பேரையும் குடிகாரர்கள் என்று ஊர் சொன்னது. ரத்தத்தில் தெரியாது, மரபணுவில் இதுவரை பிடிபடவில்லை. ஒரே ஓர் இடத்தில்தான் தெரிந்தது, லீஸ்பெத்தின் தட்டில். உருண்டைகள்மேல் அவள் ஒரு மருந்தை விடுவாள். நல்ல கல்லீரல் என்றால் மூன்றே நாளில் பந்துபோல உப்பும். நோய்க் கல்லீரல் என்றால் சுருங்கிக் கருத்துவிடும். யெல்மருடையது கருத்தது. அதை அவளே படம் எடுத்துக் காட்டினாள்.

போன வசந்தத்தில் அவன் முதலில் கேட்டது அக்காவைத்தான். இதே வீட்டுச் சமையலறையில் வைத்துக் கேட்டான். ஒரு வாரம் டைம் கொடு என்றாள். ஒரு வாரம் கழித்து வந்து, என்னால முடியாது யெல்மர் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

"ஊரான் கல்லீரலையெல்லாம் தட்டில வெச்சு வளர்க்கிற. கூடப் பிறந்தவனுக்கு ஒரு துண்டு கிடையாதா?" என்று அவன் கேட்டான். கோழை என்றும் சொன்னான். அவள் தன் சில்லிட்ட கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு எட்டு மாதம் பேச்சில்லை.

ஃபெம்கே தருகிறாள் என்று தெரிந்த அன்று அக்கா தானாகவே வந்தாள். கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். "அவளோடதையும் என் தட்டில போட்டுப் பாத்துடறேன். உப்பினா போங்க. சுருங்கினா, யெல்மர், அந்தப் பொண்ணை மேசையில படுக்க வைக்காதே. சத்தியம் பண்ணு."

பண்ணினான். சுருங்கினால் அவனுக்குக் கல்லீரல் இல்லை என்பது மட்டுமல்ல. மகளும் அதே வழியில் வந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனவள், புதன்கிழமை காலை குளியலறைத் தரையில் கிடந்தாள். பக்கத்து வீட்டு ஆன்ஸ்தான் கண்டுபிடித்தது. தரையெல்லாம் ரத்தம். உணவுக்குழாயில் ரத்தநாளம் வெடித்ததுபோல இருக்கிறது, குடிப்பார்களா என்று டாக்டர் கேட்டார். ஒரு சொட்டு தொட்டதில்லை. அப்படியென்றால் புண்ணாக இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறுத்துப் பார்க்கவா என்று கேட்டதற்கு யெல்மர் வேண்டாம் என்றான்.

ஆனால் அன்றிலிருந்து ஒரு பயம் அவனை விடவில்லை. ரத்த வாந்தி வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று ஆஸ்பத்திரி அவனுக்குத்தான் ஒரு அட்டை கொடுத்திருந்தது. பர்ஸில் இருந்தது. அவனுக்கு எழுதிவைத்த சாவு வீட்டு எண் மாறி அக்கா வீட்டுக்குப் போய்விட்டதுபோல இருந்தது. வந்து பார்த்து, ஆள் மாறிவிட்டது என்று தெரிந்தால் திரும்பி வருமே.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அழைப்புமணி அடித்தது.

வாசலில் எப்ரு நின்றாள். அக்காவோடு வேலை பார்த்தவள். முப்பது வயதுக்கு மேலிருக்கும். சைக்கிளில் மழையோடு வந்திருந்தாள். தலைமுக்காட்டிலிருந்து நீர் சொட்டியது. அந்த ஆய்வகத்தில் லீஸ்பெத்தை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான். தயங்கித் தயங்கி உள்ளே வந்து, குளிர் பலகைமேல் கிடந்த முகத்தைப் பார்த்தாள். இடுப்போரத்துப் பட்டாணிப் பாக்கெட்டையும் பார்த்தாள். நடைவழியில் சவப்பெட்டியின் மூடியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் கடைசி வார்த்தை எழுத மார்க்கர் பேனாக்கள் ஒரு கோப்பையில் இருந்தன. ஆன்ஸ் ஒரு டூலிப் பூ வரைந்து, நல்லாத் தூங்கு பக்கத்து வீட்டுக்காரி என்று எழுதியிருந்தாள். ஃபெம்கே ஒரு சைக்கிள் வரைந்திருந்தாள். பெட்டியின் அடிப்பகுதி முன்னறைத் தரையில், சன்னலுக்குக் கீழே வெறுமையாகக் கிடந்தது.

ஃபெம்கே ஒரு பேனாவை நீட்டினாள். எப்ரு கையை எடுத்துக்கொண்டாள்.

"மூடியில எழுத மாட்டேன். லீஸ்பெத் அக்கா எழுந்து வந்து திட்டுவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. யெல்மரைப் பார்த்து, உங்களோட தனியாப் பேசணும் என்றாள்.

"தட்டு விஷயம்தானே?" என்றாள் ஃபெம்கே. "என்னோட தட்டு. என் முன்னாடியே பேசுங்க."

எப்ரு கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். கைபேசியை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். முதலில் தன் தப்பைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

அவர்கள் வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று. தட்டின் பெயரை மூடியில் எழுதாதே, அடியில் எழுது. மூடி மாறும், அடி மாறாது. மூடியில் எழுதி மாட்டிக்கொண்டவர் மறுநாள் மொத்த ஆய்வகத்துக்கும் கேக் வாங்கிவர வேண்டும். அது லீஸ்பெத் போட்ட சட்டம். எப்ரு மூன்று தடவை வாங்கியிருக்கிறாள். அப்படிப்பட்ட லீஸ்பெத், இந்த இரண்டு தட்டிலும் மூடியில் மட்டும்தான் எழுதியிருந்தாள். போன வாரம் அவளுக்குக் கை நடுங்கியது, படிக்கட்டில் மூச்சு வாங்கியது, சளி என்று சொன்னாள். தட்டைக் கவிழ்த்து எழுதத் தெம்பில்லாமல் இருந்திருக்கலாம்.

ஒரு மூடியில் ஃபெம்கே என்று இருந்தது. இன்னொன்றில் 7.

"ஏழுன்னா?" என்று யெல்மர் கேட்டான்.

"அது எங்க நல்ல கல்லீரல். வேற ஏதோ ஆபரேஷனப்ப எடுத்தது, கல்லீரல் நோயில்லாத யாரோ ஒருத்தரோடது. பேர் கிடையாது, எண் மட்டும்தான். நாலு வருஷமா எது செஞ்சாலும் ஏழைப் பக்கத்தில வெச்சுத்தான் ஒப்பிடுவோம்."

நேற்று, லீஸ்பெத் செத்த மறுநாள், சத்துநீர் மாற்ற வேண்டிய நாள். யாராவது மாற்றவில்லையென்றால் எல்லாம் செத்துவிடும். எப்ருதான் மாற்றினாள். இரண்டு மூடிகளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அடியில் பெயர் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. கண் வேறு கலங்கியிருந்தது. வேலையை முடித்து மூடிகளை மூடினாள். எதை எதன்மேல் மூடினாள் என்று நேற்று யோசிக்கத் தோன்றவில்லை.

"இன்னிக்குக் காலையில எடுத்துப் பார்த்தேன்."

கைபேசியைத் திருப்பினாள். இரண்டு படங்கள். ஒன்றில் உருண்டைகள் சோப்பு நுரைபோல உப்பி, வெளிச்சம் ஊடுருவ மிதந்தன. இன்னொன்றில் கருத்த, சுருங்கிய பொட்டுகள், உதிர்ந்த மிளகுபோல.

"எது என்னோடது?" என்றாள் ஃபெம்கே.

"சுருங்கினது மேலே ஏழோட மூடி இருந்துச்சு. ஏழு சுருங்காது. இந்தச் சோதனை லீஸ்பெத் அக்கா மட்டும் செய்யறது, இதில ஏழைப் போட்டு நான் பார்த்ததில்லைதான். ஆனா அது நல்ல கல்லீரல். சுருங்க வழியே இல்ல." எப்ரு தரையைப் பார்த்தாள். "அப்ப நான் மூடியை மாத்தி மூடியிருக்கேன். சுருங்கினது உங்களோடது."

பலகை உறுமிக்கொண்டிருந்தது. மரபணு ஒப்பிட்டுப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியும், அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஆகும் என்று எப்ரு மெல்லிய குரலில் சொன்னாள். திங்கட்கிழமை இடத்தை விட்டால் மறுபடி ஆறு வாரம். அந்த ஆறு வாரம் தனக்கு இருக்கிறதா? எவ்வளவு நாள் தாங்கும் என்று போன தடவை கேட்டபோது டாக்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தது யெல்மருக்கு நினைவிருந்தது.

ஃபெம்கே கைபேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கேக்குல போடுற உலர்ந்த திராட்சை மாதிரி இருக்கு" என்றாள். "இதுதான் நானா?"

எப்ரு கைபேசிக்காகக் கையை நீட்டினாள்.

"தாத்தாவோட அப்பா எத்தனை வயசில போனாரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றான் யெல்மர்.

"நாப்பத்திரண்டு. எனக்குத் தெரியும், நீதான் சொன்ன." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "சரி. அப்ப திங்கக்கிழமை இல்ல. நீ சத்தியம் பண்ணியிருக்க, நான் தர்றேன்னு சொன்னாலும் நீ விட மாட்ட. காபி போடறேன். யாருக்கெல்லாம் வேணும்?"

எழுந்து போனாள். போகிறபோது அவளுடைய வலது கை விலாவுக்குக் கீழே, ஸ்வெட்டருக்கு மேலாக, ஏதோ திருடு போயிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோலத் தொட்டுவிட்டு இறங்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. யெல்மர் கவனித்தான்.

அவன் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டான்.

போகவேண்டிய தேவை எதுவுமில்லை. மகள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அந்த வீட்டில் வேறு இடம் இல்லை. மூடிய கோப்பைமேல் உட்கார்ந்து முள்கரண்டியால் கணுக்காலைச் சொறிந்தான். ரத்தம் வந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் குளியலறைத் தரை நினைவுக்கு வந்தது. அதே தரையில் இருபது வருடம் கழித்து ஃபெம்கே கிடப்பதுபோலத் தெரிந்தது. கண்ணை மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதனால் கண்ணைத் திறந்து எதிரே எது இருக்கிறதோ அதைப் படித்தான்.

எதிரே பிறந்தநாள் காலண்டர். அந்த ஊரில் எல்லார் வீட்டுக் கழிவறையிலும் தொங்குவதுதான். நவம்பர் தாள். பத்தாம் தேதி ஆன்ஸ். இருபத்திரண்டாம் தேதி எப்ரு. பேருக்குப் பக்கத்தில் பிறந்த வருடம், அக்காவின் நேரான சின்ன எழுத்தில். யெல்மருடைய பிறந்தநாள் பிப்ரவரி. எட்டு மாதம் பேசாமல் இருந்தாளே, பேரை அடித்திருப்பாளா என்று ஒரு அற்பமான சந்தேகம் வந்தது. எழுந்து தாளைப் புரட்டினான். பிப்ரவரிக்குப் போக டிசம்பரைத் தாண்ட வேண்டும்.

டிசம்பரிலேயே கை நின்றது.

ஐந்தாம் தேதி. அங்கே பேர் எதுவும் இல்லை. 7 என்று இருந்தது. பக்கத்தில் வருடம். நாலு வருடத்துக்கு முந்தைய வருடம்.

தட்டில் வளர்வதற்கும் பிறந்தநாள் எழுதிவைத்திருக்கிறாளே என்றுதான் முதலில் நினைத்தான். தனி ஆள், பிள்ளை குட்டி இல்லை, எழுதியிருப்பாள். தாளை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

ஐந்தாம் தேதி டிசம்பர். சின்டர்கிளாஸ் பண்டிகை. அந்த வருடம் அக்காவை ஆஸ்பத்திரியில் விட, விடியும் முன்பே அவன் எழுந்து கார் எடுத்தது நினைவுக்கு வந்தது. பண்டிகையும் அதுவுமா யாராவது நாள் குறிப்பாங்களா என்று வழியெல்லாம் முனகினான். சும்மா வா, சின்ன விஷயம், சாயந்தரம் வீட்டுக்கு வந்துடுவேன் என்றாள். வந்தும்விட்டாள். இதே முன்னறையில் எல்லோரும் பரிசைப் பிரித்து, ஒருவரையொருவர் கேலி செய்து எழுதிய பாட்டைப் படித்தார்கள். அவளைப் பற்றிய பாட்டு அவன் எழுதியது. அதை அவன் படிக்கப் படிக்க, அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிறுத்துடா, தையல் பிரிஞ்சுடும் என்று கெஞ்சினாள்.

கரண்டி தரையில் விழுந்தது. யெல்மர் அதை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது எப்ரு அதே இடத்தில் அதே கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் கோப்பைகள் சத்தமிட்டன. அவன் அவளுக்கு எதிரே நின்றான்.

"அந்த ஏழு உங்ககிட்ட எப்ப வந்துச்சு?"

"நாலு வருஷம் முன்னாடி. குளிர்காலம்."

"யார் கையில வாங்கினது?"

"நான்தான். ஆஸ்பத்திரியிலேருந்து ஐஸ் டப்பாவில ஒரு குழாய் வந்துச்சு, எண் மட்டும் ஒட்டியிருந்துச்சு. அன்னிக்குப் பண்டிகை, எல்லாரும் சீக்கிரம் கிளம்பிட்டாங்க. லீஸ்பெத் அக்கா வேற லீவு. நான் தனியா உக்காந்து அதை நறுக்கினது இன்னும் ஞாபகம் இருக்கு." எப்ரு நெற்றியைச் சுருக்கினாள். "ரெண்டு வாரம் கழிச்சு அக்கா வந்தாங்க. வந்ததும் நேரா அதைத்தான் போய்ப் பார்த்தாங்க. கண்டிப்பா நல்லதாத்தான் இருக்கும்னாங்க. ஏன் கேக்கறீங்க?"

யெல்மர் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"ஃபெம்கே. புதன்கிழமை நீயும் ஆன்ஸும்தானே அத்தையை உடம்பு துடைச்சு உடுத்தி விட்டீங்க?"

"ஆமா."

"வயித்தில ஏதாவது இருந்துச்சா?"

"என்ன கேள்வி இது? நாலு சின்னத் தழும்பு. பித்தப்பை எடுத்தாங்களே, அது."

அவன் நடைவழிக்குப் போய்க் கோப்பையிலிருந்து ஒரு கறுப்புப் பேனாவை எடுத்தான். மூடியைப் பார்த்தான். டூலிப் பூவுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நிறைய இடம் இருந்தது. அதைத் தாண்டி முன்னறைக்கு வந்து, பெட்டியின் தலைமாட்டில், சன்னலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட ஆரம்பித்தான். முதலில் ஒரு முட்டி. பிறகு இன்னொன்று. வயிறு தொடையில் இடித்தது. எப்ரு தாங்க வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினான். கன்னம் தரையைத் தொடுமளவுக்குக் குனிந்து, பெட்டியின் அடிப்பலகை விளிம்பில், எந்த மூடி வந்தாலும் மறைக்க முடியாத இடத்தில் எழுதினான்.

ஒரே ஓர் எண்.

எப்ரு அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்தாள். பலகைமேல் இருந்த முகத்தைப் பார்த்தாள். மறுபடி எண்ணைப் பார்த்தாள். கைபேசியை எடுத்துச் சுருங்கிய படத்தைத் திறந்தவள், அதை யெல்மரிடம் காட்டாமல் தானே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நான் மூடியை மாத்தலையா?" என்று கடைசியில் கேட்டாள்.

"மாத்தல."

"தெரிஞ்சேதான் பக்கத்தில வெச்சாங்களா?"

"கெட்டது எப்படி இருக்கும்னு ஒண்ணு வேணுமே, ஒப்பிட்டுப் பாக்க" என்றான் யெல்மர். "போன வசந்தத்தில ஒரு வாரம் டைம் கேட்டா. அப்பவே இதைப் போட்டுப் பாத்திருக்கா."

ஃபெம்கே தட்டில் மூன்று கோப்பைகளும், கக்கத்தில் இடுக்கிய பிஸ்கட் டப்பாவுமாக வந்தாள். காபியைச் சன்னல் மேடையில் வைத்தாள். டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அப்புறம்தான் இருவரும் தரையில் கிடப்பதைக் கவனித்தாள்.

"என்ன தேடறீங்க ரெண்டு பேரும்?"

எப்ரு நகர்ந்து இடம் விட்டாள். ஃபெம்கே குனிந்து பார்த்தாள். மை இன்னும் காயவில்லை.

"ஏழு" என்று படித்தாள். "அந்த நல்ல கல்லீரலா? அது யாரோன்னு சொன்னீங்களே. யாரு அது?"

"உன் அத்தை. உப்பினதுதான் நீ" என்றான் யெல்மர்.

குளிர் பலகை உறுமிக்கொண்டிருந்தது. உருகிய பட்டாணிப் பாக்கெட் ஒன்றிலிருந்து நீர் சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்தது. ஃபெம்கே நிமிரவில்லை. அவளுடைய வலது கை மெல்ல விலாவுக்குக் கீழே போய், இந்த முறை அங்கேயே நின்றது.

ஆளுக்கு ஒன்று எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவது அந்த வீட்டில் எப்போதும் உள்ள வழக்கம். குனிந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் அவள் வைத்த டப்பா திறந்தே கிடந்தது. மூடி அவள் இடது கையிலேயே இருந்தது.